ஆடியோ இரண்டு

...நீலச் சட்டையா, கோடு போட்டதா என்று கேட்டாரே, அந்த ஒரு கேள்விதான் காலையிலிருந்து தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது. கண் நரம்பு பட்டுப்போய், பார்வை போய், சவுதி தம்மாமிலிருந்து வந்து சேர்ந்த நாளிலிருந்து இந்த மனுஷன் சட்டை நிறம் கேட்டதில்லை, நான் எடுத்துக் கொடுப்பதைப் போட்டுக்கொள்வார், என் தங்கச்சி கல்யாணத்துக்குக்கூட ஸமீஹா நீ எதக் குடுத்தாலும் சரி என்றவர், இன்றைக்கு மட்டும் எது நல்லாயிருக்கும் என்கிறார், யாருக்கு நல்லாயிருக்க வேண்டும், பொன்செல்விக்கா? சாயங்காலம் பாளையங்கோட்டையில் ஒரு மண்டபத்தில் அவள் பேச வருகிறாள், சினிமா டைரக்டர், படம் எடுப்பதைப் பற்றி, வருகிறவர்கள் கேள்வியும் கேட்கலாமாம், பீர் மைதீன்தான் போனில் சொன்னார், வண்ணார்பேட்டையில் செல்போன் கடை வைத்திருக்கிற இவருடைய கூட்டாளி, நல்ல மனுஷன்தான், ஆனால் இந்தச் சேதியை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன குறைந்துவிட்டிருக்கும்... மத்தியானச் சோறு உண்ட கையோடு, போவதற்கு முன்னால் இன்னொரு தடவை கேட்டுக்கிடலாம் என்று அவள் படத்து டிஸ்கைப் போடச் சொல்லிவிட்டு டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார், ஆமிர், என் புருஷன், என் மச்சான், போவதற்கு இன்னும் எவ்வளவோ நேரம் கிடக்க இப்போதே நீலச் சட்டையில். நான் பின்னால் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவுகிறேன், உருவுகிறேனா பிய்க்கிறேனா தெரியவில்லை, காம்பும் இலையும் ஒன்றாகச் சட்டியில் விழுகின்றன.

இந்த நேரத்தில் பேசிக்கொண்டிருக்க வேண்டியவள் நான். எங்கள் வீட்டில் படம் பார்ப்பதென்றால் அப்படித்தான், படம் ஓடும், நான் சொல்வேன், இப்போ கதவத் தெறக்கான், இப்போ அவ திரும்பிப் பாக்கா, கையில ஒரு பை இருக்கு, இவர் உம் கொட்டுவார், சண்டை வந்து யார் யாரை அடிக்கிறான் என்று நான் திணறினால் சிரிப்பார்... எனக்குள் ஒரு பெருமை இருந்தது, யாரிடமும் சொன்னதில்லை, என் வாய்தான் இவருக்குத் திரை என்கிற பெருமை. அதை நானேதான் போட்டு உடைத்தேன். பீர் மைதீன் செல்போனுக்கு மாறுவதற்கு முன்னால் வைத்திருந்த டிஸ்க் கடையை ஒழித்துப் போட்டபோது, எல்லாவனும் போன்ல பாக்கான் வே, இத வச்சு நான் என்ன செய்ய, நம்ம ஆத்துப் பக்கம் எடுத்த படம், நீரு கொண்டு போரும் என்று இந்த டிஸ்கைக் கொடுத்தார், மணல் லாரி ஓட்டுகிறவன் ஒருவன், அவன் பெண்டாட்டி ஒருத்தி, அவ்வளவுதான் படம், சேரன்மகாதேவிப் பக்கம் எடுத்தது, இவரும் தம்மாமில் டிரெய்லர் லாரி ஓட்டினவர் இல்லையா, எஞ்சின் சத்தத்தை வைத்தே வண்டி ஏத்தத்தில் போகிறதா எறக்கத்தில் போகிறதா என்று எனக்குச் சொல்லிவிடுவார், அதனால் அதைத் திரும்பத் திரும்பப் போடுவோம். அன்றைக்குச் சத்தத்தைக் கூட்டப் போன என் விரல் ரிமோட்டில் வேறு பொத்தானில் பட்டுவிட்டது. திரையின் மூலையில் ஆடியோ இரண்டு என்று எழுத்து வந்தது, படத்தில் பேசுகிறவர்கள் குரலெல்லாம் அமுங்கிப்போய் அதற்கு மேலே ஒரு பொம்பளை பேசினாள், டிஸ்க் கெட்டுவிட்டது என்று நான் மாற்றப் போனேன், இவர் கையை நீட்டி, இரு ளா, இரு, யாரோ பேசுதா என்றார். மாற்றித் தொலைத்திருக்க வேண்டும். படத்தை எடுத்தவளே படம் ஓட ஓட உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசி அந்த டிஸ்கிலேயே ஏற்றி வைத்திருக்கிறாள், இப்படி ஒன்று உலகத்தில் உண்டென்று நான் கண்டேனா?

ராதாபுரத்துக்காரியாம், பேச்சிலேயே தெரியும், அங்கன இங்கன என்றுதான் பேசுகிறாள், கொஞ்சம் கம்மின குரல், சொல்லப்போகிற விஷயத்துக்கு முன்னாலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும், அந்தச் சிரிப்பு ஆரம்பிக்கும்போதே இவர் உதடு விரியத் தொடங்கிவிடும், நான் பின்னாலிருந்து கன்னம் அசைவதைப் பார்ப்பேன். திரையில் இருப்பதை அவள் சொல்வதே கிடையாது. மழை பெய்யும், மழை என்று சொல்ல மாட்டாள், அன்னைக்கு ஊரே காஞ்சு கெடக்கு, தண்ணி லாரிக்காரர் பாதியில கோவிச்சிட்டுப் போயிட்டாரு, அதான் இவன் ஒரு தோள் நனைஞ்சு ஒரு தோள் காஞ்சு நிக்கான் என்பாள், இவர் தொடையில் தட்டிச் சிரிப்பார். நானும்தான் அந்த இடத்தில் மழ பெய்யுது மச்சான் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், ஒரு தடவை சிரித்தாரா, மழைக்கு யார் சிரிப்பார்கள்... இன்னொரு இடத்தில், இது எனக்கு வரவே இல்ல, எப்படி எடுத்தும் வரல, இங்கன நான் தோத்துட்டேன் என்று பச்சையாகச் சொல்கிறாள், இவர் அதைக் கேட்டு ரொம்ப நேரம் தலையை ஆட்டினார், தோத்துட்டேன்னு எவ சொல்லுவா என்றார், எவ என்றால் என்ன அர்த்தம்? பொம்பளை குரல் என்பதற்காகத்தான் விழுந்து கிடக்கிறார் என்று நினைத்து, பீர் மைதீனிடம் சொல்லி இது மாதிரிப் பேச்சு உள்ள இன்னொரு டிஸ்க் வாங்கி வரச் சொன்னேன், அதில் பேசினவர் பெரிய டைரக்டர், ஆம்பிளை, எல்லாரும் கடுமையா உழைச்சாங்க, அவர் அருமையா செஞ்சார், இவர் பிரமாதமா செஞ்சார் என்று ஆளாளுக்கு மாலை போட்டுக்கொண்டே போனார், மச்சான் அரைமணி நேரத்தில் குறட்டை விட்டார். பாத்தியா, பொம்பளைதான் வேணும் என்று எனக்குள் ஒரு சத்தம். ஆனால் எனக்கும் அல்லவா தூக்கம் வந்தது, அதை என்ன சொல்ல? அந்த மனுஷன் அங்கே இருந்த மாதிரியே இல்லை, கல்யாண வீட்டு வாசலில் நின்று வாங்க வாங்க என்கிறவர் மாதிரி இருந்தார், இவளோ அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய் எது தீய்ந்தது என்று காட்டுகிறாள்.

அவளைப் போல நானும் சொல்லிப் பார்த்தேன், வெட்கக்கேடு. ஏதோ ஒரு தொடர் ஓடிக்கொண்டிருந்தது, இந்தப் பிள்ளைக்கு அன்னைக்குக் காய்ச்சலா இருந்திருக்கும் மச்சான், கண்ணு செவந்திருக்கு என்றேன், ஒனக்கு எப்படித் தெரியும், நீ பாக்கதச் சொல்லு என்றார், கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாக. நீ பாக்கதச் சொல்லு. அவள் பார்க்க முடியாததைச் சொல்லலாம், நான் பார்ப்பதை மட்டும் சொல்ல வேண்டும்... பிறகு ஒருநாள் துணி காயப்போடும்போது எனக்குத் தோன்றியது, அவள் சொல்வதைக் கண் உள்ளவர்களும் பார்க்க முடியாது, அந்தக் கோபித்துக்கொண்டு போன லாரிக்காரரை நானும் பார்க்கவில்லை இவரும் பார்க்கவில்லை, அங்கே நானும் இவரும் ஒன்று. நான் சொல்லும்போதோ ஒவ்வொரு சொல்லும் இவரிடம், ஒங்களுக்குக் கண்ணு தெரியாது, ஒங்களுக்குக் கண்ணு தெரியாது என்று சொல்லிக்கொண்டேதானே வந்திருக்கிறது. அல்லாவே, அதைத்தான் பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்தேனா? தெரிந்து என்ன, பொறாமை அதற்காகவா போய்விடும், இன்னும் கூடத்தான் செய்தது, அவள் ஒன்றும் தெரியாமலேயே, இவர் யாரென்றே தெரியாமல், எங்கோ ஒரு அறைக்குள் உட்கார்ந்து வாய்க்கு வந்ததைப் பேசி, நான் இத்தனை காலமும் கொடுக்க முடியாததைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாளே.

வந்துவிட்டது, சோறு தின்கிற இடம். லாரிக்காரன் பெண்டாட்டி தனியாக உட்கார்ந்து உண்கிறாள். அன்னைக்குச் சாப்பாட்டு வண்டி வரல, எல்லாருக்கும் அகோரப் பசி என்கிறாள் பொன்செல்வி, இந்தப் பிள்ள நிசமாவே திங்கா, நான் கட் சொல்ல மறந்துட்டேன்... மறக்கல்லாம் இல்ல, அவ வயிறாவது நெறையட்டும்னு விட்டுட்டேன், எனக்குப் பின்னால ஒரு லைட் அண்ணன் எச்சி முழுங்குதாரு, அது படத்துலயே பதிஞ்சிருக்கு, அழிக்க மனசு வரல, இப்போ வரும்... அங்கன. முதல் தடவை இதைக் கேட்டபோது இவர் குழந்தை மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டு, பழைய ஆடியோவுக்கு மாத்து, மாத்து என்றார், மாற்றினேன், கேட்டியா, கேட்டியா ளா என்றார், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, தட்டில் விரல் படுகிற சத்தம்தான் கேட்டது. கேட்டது என்று சொன்னேன். இன்றைக்குக் கீரைக்காம்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறேன், அவள் அங்கன என்று சொல்லி நிறுத்தின மறு நொடி, மெல்லிசாக, ஒரு மனுஷனின் தொண்டை இறங்குகிறது... எனக்கும் கேட்டுவிட்டது. நிஜமாகவே கேட்டுவிட்டது. சொல்லவில்லை இவரிடம், ஏன் சொல்ல வேண்டும், அவள் பெருமைக்கு நான் சாட்சியா.

முடிவு வரை கேட்பார் என்று நினைத்தேன், இன்னும் கால்வாசிப் படம் கிடக்கும்போதே, போதும் ளா, நிப்பாட்டு, ஆட்டோவக் கூப்பிடு என்றார், எனக்கு ஆச்சரியம், எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், காலரில் ஒரு பக்கம் மடங்கியிருந்தது, அப்படியே இருக்கட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது எனக்கு, சத்தியமாக வந்தது, பிறகு சரிசெய்துவிட்டேன். மேலப்பாளையம் சந்தில் ஆட்டோ குலுங்கிக் குலுங்கிப் போயிற்று, என்ன சந்தோஷம் இந்த முகத்தில், நிக்காஹ் அன்றைக்கு இப்படி இருந்ததா, நான் அன்றைக்கு நிமிர்ந்து பார்த்தால்தானே. குலவணிகர்புரம் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. டிரைவர் வண்டியை அணைத்தார், சட்டென்று ஒரு அமைதி, இனிமேல் அடக்க முடியாது என்று கேட்டுவிட்டேன்.

"அவகிட்ட அப்படி என்ன கேக்கப் போறீய மச்சான்?"

"ஒரு எடத்துல அவ பேசாம ஆயிருதா. கடேசிப் பக்கம். ரொம்ப நேரம். அவ்வளவு பேசுதவ அங்கன மட்டும் ஏன் வாய மூடுதான்னு கேக்கணும்."

"மறந்திருப்பா. இல்லன்னா தண்ணி குடிச்சிருப்பா."

"இல்ல ளா. மூச்சு கேக்குது. உக்காந்து பாத்துட்டு இருக்கா." ஆட்டோக் கம்பியைத் தடவினார். "நீயும் அந்த எடத்துலதான் பேசாம ஆயிருவ."

நானா?

"முன்னாடி நீ சொல்லிக்கிட்டு வரும்போது, எல்லா தடவையும். லாரி கெளம்பிப் போவும், கதவச் சாத்துத சத்தம் வரும், அப்புறம் ஃபேன் சத்தம். நீ ஒண்ணுமே சொல்ல மாட்ட. என்ன நடக்குதுன்னு ஒருக்கக் கேட்டேன், ஒண்ணுமில்ல, அவ சும்மா இருக்கான்னு சொன்ன. சும்மா இருக்கதுக்கா ரெண்டு பேரும் இப்படி மூச்ச அடக்குதீய?" என்று சிரித்தார். "ஒங்கிட்டக் கேக்க ஒரு மாதிரி இருந்துச்சு. அவ யாரோதான, கேட்டா சொல்லிருவா."

ரயில் வந்துவிட்டது, நல்லவேளை, இனி ஒன்றும் பேச முடியாது, பெட்டி பெட்டியாகப் போகிறது, எனக்குள் அந்த இடம் ஓடுகிறது, லாரி போன பிறகு அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து கட்டிலில் குறுக்காக விழுகிறாள், கையையும் காலையும் அகட்டி, முழுக் கட்டிலையும் எடுத்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி, மேலே இருந்து பார்க்கிற மாதிரி எடுத்திருக்கிறாள் பொன்செல்வி, வேறு ஒன்றும் நடக்காது, எவ்வளவு நேரம், உதட்டோரத்தில் ஏதோ ஒன்று, சிரிப்பு என்றும் சொல்ல முடியாது... இவர் தம்மாமில் இருந்த காலத்தில், மத்தியானத்தில், வேலையெல்லாம் ஒதுங்கின பிறகு, எங்கள் கட்டிலில் நானும் இப்படித்தான்... அழுதேனே, இவர் வர வேண்டுமென்று எத்தனை துஆ கேட்டேன், அதுவும் உண்மைதான், இதுவும்... இப்போது வீட்டில் எந்த நேரமும் இவர் இருக்கிறார், என் பெயரைக் கூப்பிட்டபடி. நான் பேசாமல் இருந்தேன் என்பதே எனக்குத் தெரியாதே, இந்த மனுஷன் அதையும் கேட்டுக்கொண்டா இருந்தார், எச்சில் முழுங்குகிற சத்தத்தைப் பிடிக்கிற காது, இத்தனை நாளும் என்னைக் கேட்டுக்கொண்டா இருந்தது? மண்டபத்தில் மைக் கொடுப்பார்கள். நீலச் சட்டையில் எழுந்து நின்று கேட்பார். அவள் வழக்கம்போல முதலில் சிரிப்பாள், பிறகு, ஒளிக்கத் தெரியாதவள், தோத்துட்டேன் என்று சொல்லத் தெரிந்தவள், அவ்வளவு பேருக்கு முன்னால், அவ நிம்மதியா இருக்கா அண்ணாச்சி என்று சொல்லிவிடுவாள். அது என்னுடையது. என் வாயால் சொல்ல வேண்டியது, சொல்லவே கூடாதது, எதுவாக இருந்தாலும் என்னுடையது, அதை அவள் எப்படிச் சொல்லலாம்... கடைசிப் பெட்டி போய்விட்டது, கேட் தூக்குகிறார்கள், எல்லா வண்டியும் ஒன்றாக உறுமுகிறது, நான் இவர் கையைப் பிடித்து, "மச்சான், அந்தக் கேள்விய..." என்றேன், கேக்காதீய என்று முடிக்க வேண்டுமா, எங்கிட்டயே கேளுங்க என்று முடிக்க வேண்டுமா தெரியாமல், இவர் முகத்தை என் பக்கம் திருப்பிக் காத்துக்கொண்டிருக்க.