ரிலீவர் வராத வெள்ளிக்கிழமை

செல்லக்கனி சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தைதான்: "ஏறாதீங்க." வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குப் பிள்ளைப்பாக்கத்தில் கோதண்டராமனின் எஸ்.டி.டி. பூத்தில் நின்று, ஈராக்கிலிருந்து பேசும் புருஷனிடம் அதைச் சொல்லிவிட்டால் போதும். அதற்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கே சென்னையை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். மணி ஆறரை ஆகிவிட்டது. அவளோ கோட்டைக்கு எதிரே நடைபாதையில், சட்டசபை இருக்கிற பக்கமாகப் பார்த்துக்கொண்டு, 'போர் வேண்டாம்' என்று எழுதிய துணிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள்.

கதையை முறையாகச் சொல்லிவிடுகிறேன். அவள் புருஷன் மாரிராஜுக்குக் குவைத்தில் சமையல் வேலை என்று சொல்லித்தான் ஏஜென்ட் விமானம் ஏற்றினான். போய் இறங்கிய நாலாம் நாள் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு பஸ்ஸில் அடைத்து எல்லையைத் தாண்டிக் கொண்டுபோய், அமெரிக்கப் பட்டாளத்து முகாமில் வெங்காயம் உரிக்க விட்டுவிட்டார்கள். பாஸ்போர்ட் கம்பெனிக்காரன் கையில். நல்லா இருப்பானா அந்த ஏஜென்ட்? அவன் சங்கரன்கோவிலில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சிவிட்டான்.

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, ஆளுக்கு ஐந்து நிமிடம், முகாமில் போன் கொடுப்பார்கள். போன தடவை மாரிராஜ் இப்படிச் சொன்னான்: "ஏ செல்லம், ஊருக்குப் போணும்னு நிக்கிறவங்கள ரெண்டு வாரம் கழிச்சு சனிக்கிழமை லாரியில ஏத்தி எல்லையில விடுதாவளாம். ஏறட்டா, வேண்டாமா? யோசிச்சு வையி. அதுக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை பேசும்போது நீ என்ன சொல்லுதியோ அதுதான்."

அவள் யோசித்தாள். யோசிக்கத் தெரிந்தவர் என்று அந்தப் பக்கத்தில் அவளுக்குத் தெரிந்தது திருமலை ஒருவர்தான். ஸ்ரீபெரும்புதூர் ஆலை ஒன்றில் சங்கம் ஆரம்பித்ததற்காக வேலையை இழந்தவர். இப்போது போர் எதிர்ப்புக் குழு என்று வைத்துக்கொண்டு டீக்கடை டீக்கடையாகப் பேசிக்கொண்டிருந்தார். அவர் பேப்பரை விரித்துக் காட்டினார். எரிந்த லாரிகளின் படம்.

"இந்த ரோட்டுலதாம்மா கூட்டிகினு வருவான். முகாமுக்குள்ள இருந்தா சுத்திச் சுவராச்சும் கீது. கவர்மென்ட்டு கூப்பிட்டு வந்தாத்தான் உசுரோட வர முடியும். அதுக்குத்தான் கோட்டை முன்னாடி குந்தப் போறோம். நீயும் வா."

அப்படித்தான் அவள் தான் வேலை பார்க்கும் ஆலையில் ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். போருக்கு எதிராகச் சட்டசபை தீர்மானம் போட வேண்டும், அங்கே மாட்டிக்கொண்டவர்களை மீட்க வேண்டும் என்று மனு. போலீஸ் அதிகாரி ஒருவர் வந்து ஒரு கட்டளை போட்டார். பத்துப் பேர் பெயரை எழுதிக் கொடுங்கள். பத்தே தலை. ஒன்று கூடினால் உள்ளே தள்ளுவேன், ஒன்று குறைந்தால் போராட்டம் முடிந்தது என்று எழுதிக்கொண்டு மொத்தப் பேரையும் கிளப்பிவிடுவேன். ஒழுங்காக விடிய விடிய உட்கார்ந்திருந்தால் காலை பத்து மணிக்கு அமைச்சரே வந்து மனு வாங்குவார். ஒருவர் எழுந்து போனால் இன்னொருவர் வந்து உட்காரலாம், அதற்குத் தடையில்லை.

இதைக் கேட்டு நம் ஆட்கள் மலைக்கவே இல்லை. எல்லோரும் ஆலைத் தொழிலாளிகள், அவர்கள் பிழைப்பே அதுதானே. ஆலையில் கன்வேயர் ஓடிக்கொண்டே இருக்கும். ஷிப்ட் முடிந்து சங்கு ஊதினாலும், ரிலீவர், அதாவது அடுத்த ஷிப்டுக்கு அந்த இடத்தில் உட்காரும் ஆள், வந்து பக்கத்தில் நின்று கையை நீட்டினால்தான் உட்கார்ந்திருப்பவர் எழுந்திருக்கலாம். நடுவில் எழுந்தால் லைன் நின்றுவிடும், மெமோ கையில் வந்துவிடும். செல்லக்கனி மூன்று வருஷமாக வயர் மாட்டுகிறாள். ஒரு நாள்கூட ரிலீவர் வராமல் எழுந்ததில்லை. ஆகவே நடைபாதைக்கும் ஷிப்ட் போட்டார்கள். செல்லக்கனிக்கு ரிலீவர் பாஞ்சாலி. வல்லம் வடகால்காரி, அதே லைனில் வேலை பார்ப்பவள். காலை ஷிப்ட் முடித்து இரண்டு மணிக்கு பஸ் பிடித்தால் ஐந்துக்குள் கோட்டைக்கு வந்துவிடலாம்.

ஐந்தாயிற்று, ஆறாயிற்று. பாரிமுனைப் பக்கமிருந்து வரும் ஒவ்வொரு பஸ்ஸையும் செல்லக்கனி எட்டிப் பார்த்தாள். சபை கலைந்து எம்.எல்.ஏ.க்களின் கார்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெளியே போயின. ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எஸ்.ஐ. மணிக்கு ஒருமுறை வந்து விரலை நீட்டி எண்ணிவிட்டுப் போனார்.

"நீ கெளம்பும்மா, நான் எதுனா சொல்லிச் சமாளிச்சிக்கிறேன்" என்றார் திருமலை. அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, சமாளிக்க முடியாது என்று.

"நான் எந்திரிச்சா உங்க எல்லாரையும் கிளப்பிருவாவளே அண்ணாச்சி. காலையில மனு யாரு குடுப்பா? இந்தா வந்துருவா. பாஞ்சாலி வாக்கு மாற மாட்டா."

ஏழரைக்கு மேல் பறந்து போனாலும் ஒன்பதுக்குள் பிள்ளைப்பாக்கம் போய்ச் சேர முடியாது. அந்த நேரமும் தாண்டியபோது அவள் திருமலையிடம் பூத்து நம்பரைச் சொன்னாள். அவர் தன் செல்போனில் போட்டார். எங்கேஜ். மறுபடி போட்டார். எங்கேஜ். தெற்கிலிருந்து வந்த பையன்கள் எல்லோரும் ராத்திரிதான் ஊருக்குப் பேசுவார்கள், அது செல்லக்கனிக்கும் தெரியும். அவள் நேரில் போய் நின்றால் மட்டும் கோதண்டராமன் ஒன்பதுக்குப் பத்து நிமிடம் முன்பே, "தள்ளுங்கடா, அந்தம்மாவுக்கு வெளிநாட்டு போன் வருது" என்று வரிசையை நிறுத்திவைப்பார். இன்றைக்கு நிற்க ஆளில்லை. ஒன்பதரை வரை நாற்பது தடவை போட்டிருப்பார்கள். அதன் பிறகு போனில் சார்ஜ் தீர்ந்துபோனது.

அந்த ராத்திரியை எப்படிச் சொல்வது? மற்றவர்கள் பாட்டுப் பாடினார்கள், மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், காற்று அணைத்தது, மறுபடி ஏற்றினார்கள். செல்லக்கனிக்கு எதுவும் காதில் ஏறவில்லை. எதுவும் சொல்லாவிட்டால் அவர் ஏற மாட்டார், எப்போதும் என்னைக் கேட்காமல் ஒரு சட்டைகூட எடுக்காத மனுஷன், பதில் வராதபோது நின்றுவிடுவார் என்று தனக்குத்தானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். விடிகிற நேரத்தில் அதை அவளே பாதி நம்பிவிட்டாள்.

ஆறு மணிக்குப் பாஞ்சாலி ஓடி வந்தாள். யூனிபார்ம்கூட மாற்றவில்லை. அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"எங்கடி போன?" என்றாள் செல்லக்கனி.

"எங்கயும் போவல செல்லி. சங்கு ஊதியும் என் எடத்துக்கு ஆள் வரல. ரிலீவர் இல்லாம எப்பிடிப் போவன்னு சூப்பர்வைசரு குந்த வெச்சிட்டான். பத்து மணி வரைக்கும் ஓ.டி. அப்பறம் பஸ்ஸே இல்ல." பாஞ்சாலி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இந்த வாரம் ரெண்டு மணிக்கு என் எடத்துக்கு வர்றது யாரு, சொல்லு. நீதான? நீ லீவு போட்டுகினு இங்க குந்திகினு கீற. இது நம்ம ரெண்டு பேருக்கும் உறைக்கவே இல்ல பாரு."

திருமலை பட்டியல் போட்டபோது செல்லக்கனியும் பக்கத்தில்தான் இருந்தாள். நடைபாதைக்கு யார் யார் மாற்று என்று பார்த்துப் பார்த்து எழுதியவர்கள், லைனில் யாருக்கு யார் மாற்று என்று பார்க்கவில்லை. லீவு கொடுத்தவன் ஆள் போடுவான் என்று நம்பிவிட்டார்கள். யாரைக் குறை சொல்வது? பாஞ்சாலியைக் கட்டிக்கொண்டு அழத்தான் முடிந்தது.

பத்து மணிக்கு அமைச்சர் வரவில்லை, தொகுதிக்குப் போய்விட்டாராம். உதவியாளர் ஒருவர் வந்து மனுவை வாங்கினார், நின்றபடியே மேலோட்டமாகப் பார்த்தார். "இது டெல்லி சமாச்சாரம். இங்க உக்காந்து என்ன பிரயோஜனம்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். திருமலைக்கு வந்த கோபத்தில் பதாகைத் துணியைச் சுருட்டக்கூட வரவில்லை.

செல்லக்கனி பிள்ளைப்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மதியம் ஒன்றரை. நேரே பூத்துக்குத்தான் போனாள். கோதண்டராமன் அவளைப் பார்த்ததும் முகம் மலர எழுந்து, தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார்.

"வாம்மா வா. உன் வூட்டுக்காரரு போன் பண்ணாரு. ரெண்டு காலுக்கு நடுவுல எப்பிடியோ லைன் கெடச்சிச்சு. அந்தம்மா இல்லியான்னாரு. அட, உங்களுக்கோசரம் கோட்டை வாசல்ல குந்திகினு கீது, ராத்திரி பூரா எழுந்துக்கப் போறதில்லன்னு டீக்கடையில பேசிக்கிறாங்கன்னேன். மனுஷன் அப்பிடியே அழுதுட்டாரும்மா."

"வேற என்ன சொன்னாவ அண்ணாச்சி?"

"எனக்காக அவ ரோட்டுல உக்காந்திருக்கா, இனிமே நான் இங்க இருக்க மாட்டேன், லாரி ஏறப் போறேன்னு அவகிட்ட சொல்லிருங்கன்னாரு. விடிகாலைலயே கெளம்புதாம். இந்நேரம் பாதி தூரம் வந்திருப்பாரு."

பூத்துக்கு வெளியே வரிசையில் நின்ற பையன்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். மாரிராஜ் அண்ணன் வருகிற சந்தோஷம் அவர்களுக்கும்.

செல்லக்கனி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த முகாமுக்கு இங்கிருந்து கூப்பிட நம்பர் கிடையாது. லாரிக்குச் சொல்லி அனுப்ப ஆள் கிடையாது. கோதண்டராமன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு லேசாகச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏம்மா, நான் நல்லபடியாத்தான சொன்னேன்?"

"ஆமா அண்ணாச்சி," என்றாள் செல்லக்கனி. "நல்லபடியாத்தான் சொல்லியிருக்கிய."