அவருக்குத்தான்

மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளை எல்லோரும் ஃபிரேம் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வருகிறவர்களின் மூக்குக்கும் காதுக்கும் பொருந்தும்படி ஃபிரேமை வளைத்து நிமிர்த்துவதும், இரண்டு கருவிழிகளுக்கும் இடையே ஸ்கேல் பிடித்து அளந்து சொல்வதும் அவள் வேலை. அதற்கு எதிராளியின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார வேண்டும். மோவாயில் முடி முளைக்கிற ஒரு பெண்ணுக்கு, ஊரில் இத்தனை வேலை இருக்க, இந்த வேலைதானா வாய்க்க வேண்டும் என்று அவள் தன் தலையெழுத்தை நொந்துகொள்ளாத நாளில்லை. ஒரே ஆறுதல், அளவெடுக்கும் நேரத்தில் எதிரில் இருப்பவர் கண்ணாடியைக் கழற்றியிருப்பார். பார்வை எவ்வளவு மோசமோ அவ்வளவுக்கு அந்த வாடிக்கையாளர் மேல் அவளுக்குப் பிரியம். புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர்கள் நிமிரும்போது மட்டும், முகம் பார்க்கும் கண்ணாடியை முன்னால் நீட்டிவிட்டு அதன் பின்னால் ஒளிந்துகொள்வாள்.

முடி கல்யாணத்துக்கு முன்பே வந்துவிட்டது. வெளிச்சத்தில் உட்காரவைத்து இடுக்கியால் பிடுங்கிவிட்டது அவளுடைய அம்மா. பிடுங்கும்போதெல்லாம் ஒரே பாட்டு: யாருக்குத் தெரிந்தாலும் புருஷனுக்குத் தெரியவே கூடாது. அம்மாவைக் குறை சொல்லிப் பயனில்லை. அவளுக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். மகளும் அதைச் சிரமேற்கொண்டு, அவர் கண் விழிப்பதற்குள் எழுந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தடவிப் பார்த்துப் பிடுங்கினாள். பிறகு பார்லரில் நூல், பிறகு மெழுகு, பிறகு முடியைக் கரைக்கிறேன் என்று தோலைக் கரைத்த ஒரு கிரீம். மோவாய் முழுக்கக் கறுப்புத் திட்டும் பருவும். அதற்கு மேல் பவுடர்.

அவருக்கு எதுவும் தெரியாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

அவர் ஏ.சி. மெஷின் கம்பெனி ஒன்றில் சர்வீஸ் சூப்பர்வைசர். அக்கம்பக்கத்தில் நல்ல பெயர். குரலை உயர்த்த மாட்டார், கை நீட்டியதே இல்லை, எதற்கும் கூடாது என்று சொன்னதில்லை. அப்படிச் சொல்லும் தேவையே அவருக்கு வந்ததில்லை என்பது அக்கம்பக்கத்துக்குத் தெரியாது. ஒருமுறை அவள் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். அவர், "உனக்கெதுக்கும்மா இதெல்லாம்?" என்று மெல்லக் கேட்டார். அப்போது அவர் பார்வை அவள் மோவாயில் ஒரு நொடி நின்றது.  முடி ஒன்று விட்டுப்போயிருக்கிறதோ, பார்த்துவிட்டாரோ? சரி, வேண்டாம் என்று சொல்லி அடுக்களைக்குள் ஓடிவிட்டாள். ஸ்கூட்டர் பேச்சு அதோடு முடிந்தது.

அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோதும் அப்படித்தான். ஒரு மாதம் போய்க் கூட இருந்துவிட்டு வரட்டுமா என்று கேட்டாள். அங்கே போய் நீ என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டுக்கொண்டே அதே இடத்தில் ஒரு பார்வை. இந்த முகத்தையும் கட்டிக்கொண்டு மாரடிக்கிற மனுஷனிடம் இன்னும் என்னென்ன கேட்பது என்று அவளுக்கே கூச்சமாகிவிட்டது. இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பினாள். அடுத்த முறை அவள் போனது அம்மாவை எடுப்பதற்கு.

கிரீம் போட்ட இடம் புண்ணானதும்தான் தோல் டாக்டரிடம் போனாள். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. பிடுங்குவதை நிறுத்திவிட்டு ஷேவ் பண்ணச் சொன்னார். ஆம்பளை மாதிரியா என்று இவள் வாயைப் பிளந்தாள். கத்தி பட்டால் முடி தடித்து வளரும் என்பதெல்லாம் கட்டுக்கதை, வெட்டுப்பட்ட நுனி மொட்டையாக இருப்பதால் அப்படித் தெரிகிறது, அவ்வளவுதான் என்றார் டாக்டர். இரண்டு மூன்று பிளேடு அடுக்கிய பிளாஸ்டிக் ரேஸர் இந்தத் தோலுக்கு ஆகாது. ஒரே பிளேடு போடுகிற பழைய மாதிரி சேஃப்டி ரேஸர், பிரஷ், சோப்பு வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

தெரு முக்குக் கடையில் அவள் கேட்ட உடனே கடைக்காரர், "சாருக்கா?" என்றார்.

"ஆமா, அவருக்குத்தான்" என்றாள்.

கடைக்காரர் தாமும் அதே ரகம்தான் உபயோகிக்கிறார் போல. ஆள் கிடைத்த குஷியில் பாடமே நடத்திவிட்டார். வெந்நீரில் முகத்தை நன்றாக ஊறவைக்கச் சொல்லுங்கள், பிரஷை நனைத்து உதறிவிட்டுச் சோப்பில் சுழற்றினால் தயிர் மாதிரி நுரை வரும், முடி போகிற திசையிலேயே வழிக்க வேண்டும், எதிர்த்து வழிக்கக் கூடாது, முடிந்ததும் ரேஸரைப் பிரித்துக் கழுவ வேண்டும். "முக்கியமா, அழுத்த வேணாம்னு சொல்லுங்க. ரேஸரோட கனமே போதும். கை சும்மா கூடப் போனாப் போதும்." சொல்கிறேன் என்று அவள் பவ்யமாகத் தலையாட்டினாள்.

அதை ஒளித்துவைக்க வீட்டில் ஒரே இடம்தான் இருந்தது. குளியலறை மேல்தட்டில் இருந்த நாப்கின் பாக்கெட். எந்த ஆம்பளையும் கை வைக்க மாட்டான் என்று அவள் கணக்கு.

அவர் காலையில் நடக்கப் போகிற நேரத்தில் ஆரம்பித்தாள். முதலில் விரலால் தடவி, முடி எந்தப் பக்கம் படுகிறது என்று பார்த்தாள். இடப்பக்கம் காதை நோக்கி, வலப்பக்கம் கழுத்தை நோக்கி, நடுவில் ஒரு சுழி. இத்தனை வருஷம் பிடுங்கியிருக்கிறாள், இது தெரியாது. ரேஸரின் தலையை மோவாயில் படுக்கவைத்து, பிளேடு தொடும் வரை பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். சாய்மானம் பார்ப்பது அவளுக்குக் கைவந்த விஷயம்தான்; மூக்கின் மேல் ஃபிரேம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கண்ணாலேயே சொல்பவள். ஆனால் பயத்தில் அழுத்திவிட்டாள். நுரையில் ரத்தம். படிகாரத்தைத் தேய்த்ததும் எரிந்த எரிச்சலில் கண்ணீரே வந்தது. அழுத்தக் கூடாது என்று கைக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று. அதன் பிறகு வெட்டே இல்லை. வழித்து முடித்துக் குளிர்ந்த தண்ணீரை அடித்துத் தடவினால், சின்னப் பெண்ணின் கன்னம் போல இருந்தது. பரு அடங்கியது, திட்டு வெளுத்தது. கடையில் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் ஒளிவதை அவள் மறந்தே போனாள்.

அந்தச் சமயத்தில்தான் முதலாளியம்மா கூப்பிட்டு, கண் பரிசோதனைப் படிப்புக்கு ஓர் ஆளைக் கடைச் செலவில் அனுப்பப்போவதாகவும், போகிறாயா என்றும் கேட்டார். மாலை வகுப்பு. படித்து முடித்தால் உள்ளே இருட்டறையில் உட்கார்ந்து, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, மூச்சுக்காற்று படும் தூரத்தில் ஆளின் கண்ணுக்குள் பார்க்கலாம். பழைய முகமாக இருந்தால் தலைதெறிக்க ஓடியிருப்பாள். இப்போது ஆசைப்பட்டாள். ரொம்ப நாள் கழித்து ஒன்றுக்கு ஆசைப்பட்டாள்.

வீட்டில் சொன்னாள். அவர் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். "உனக்கெதுக்கும்மா இதெல்லாம்?" பார்வை மோவாயில் ஒரு நொடி நின்றது. காலையில்தான் வழித்திருந்தாள். அங்கே ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கை தானாக மோவாய்க்குப் போயிற்று. "சரி, விடுங்க" என்றாள். மறுநாள் முதலாளியம்மாவிடம் வேண்டாம் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டு வந்தாள். அவர் அந்த இடத்துக்குப் பில் போடும் பெண்ணைக் கூப்பிட்டார்.

அந்த வாரக் கடைசியில் ஒரு காலை, ரேஸர் அவள் தோலைப் பிடித்து இழுத்தது. முந்தின நாள்தான் புது பிளேடு மாற்றியிருந்தாள். இழுக்கக் காரணமே இல்லை. திருகிப் பிரித்துப் பார்த்தாள். மேல்மூடிக்கும் பிளேடுக்கும் நடுவில் காய்ந்துபோன சோப்பு. அவள் ஒருநாளும் கழுவாமல் வைத்ததில்லை. அந்தச் சோப்பில் ஒட்டிக்கொண்டு, ஒரு நெல்முனை நீளம்கூட இல்லாத முடிகள்.

அவள் முடி கன்னங்கரேல் என்றிருக்கும். இவை நரைத்திருந்தன.

ரேஸரைத் திரும்பப் பொருத்தாமல் எடுத்துவைத்தாள். நடந்துவிட்டு வந்து அவர் டீ குடிக்க உட்கார்ந்தபோது, பிரித்த ரேஸரை மேஜையில் அவர் முன்னால் வைத்தாள். இதை எடுத்தீர்களா என்று கேட்டாள். அவர் கொஞ்சமும் பதறவில்லை. தன்னுடையது மழுங்கிவிட்டதாகவும், அவசரத்துக்கு எடுத்ததாகவும் சொன்னார். நன்றாக வழிக்கிறது, சோப்பும் நல்ல வாசனை என்று சான்றிதழ் வேறு.

"இது எதுக்கு வச்சிருக்கேன்னு தெரியுமா?"

"தெரியாம என்ன? கல்யாணம் ஆன புதுசுலயே தெரியும். ஒருநாள் தலகாணி மேலயே இடுக்கிய வச்சுட்டுத் தூங்கிட்ட. நான்தான் எடுத்து உன் பையில போட்டேன்."

அவளுக்கு அந்தக் காலை ஞாபகம் வந்தது. எங்கே வைத்தோம் என்று வெலவெலத்துத் தேடி, பையில் கிடைத்ததும் கடவுளுக்கு நன்றி சொன்ன காலை. நன்றி போய்ச் சேர்ந்த இடம் இதுதான்.

"அப்பவே ஏன் சொல்லல?" என்று கேட்டாள். பாவம், அந்த நேரத்திலும் அவளுக்கு ஒரு நப்பாசை. உன் மனசு நோகக் கூடாதென்று பேசாமல் இருந்தேன் என்று சொல்வார் என்று காத்திருந்தாள்.

அவர் டீயை உறிஞ்சிவிட்டு, "சொல்லியிருந்தா உனக்குப் பயம் விட்டுப்போயிருக்கும்" என்றார். "அந்தப் பயம் இருந்ததால வீடு அமைதியா ஓடுச்சு. இதுல என்ன தப்பு? இத்தனை வருஷத்துல உன்னை ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா?"

சொன்னதில்லை, உண்மைதான். பார்க்க மட்டும்தான் செய்தார். ஸ்கூட்டருக்கு ஒரு பார்வை, படிப்புக்கு ஒரு பார்வை. அம்மாவின் கடைசி மாதத்துக்கும் ஒரு பார்வை. கண்ணாலேயே கடிவாளம் போட்டு வண்டி ஓட்டியிருக்கிறான் மனுஷன். அதற்கு இவள், தன்னைப் பொறுத்துக்கொள்ளும் புண்ணியவான் என்று அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ரேஸரைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.  

கடை திறப்பதற்கு முன்பே போய் வாசலில் நின்றாள். படிப்புக்குத் தானே போவதாக முதலாளியம்மாவிடம் சொன்னாள். அவர் சாவிக்கொத்தைத் தேடிக்கொண்டே, பில் போடும் பெண் சேர்ந்தாகிவிட்டது என்றார். "நீதானே வேணாம்னு சொன்ன?" ஆமாம், நான்தான் என்று இவள் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அடுத்த தடவை பார்க்கலாம் என்றார் முதலாளியம்மா; எப்போது என்று சொல்லவில்லை. மத்தியானம் பில் போடும் பெண் வந்து, வகுப்பில் கேட்பார்களாம், கருவிழிக்கு ஸ்கேல் பிடிப்பது எப்படி என்று காட்டுங்கள் அக்கா என்று நின்றாள். அந்தப் பெண் மேல் என்ன தப்பு? பிடித்துக் காட்டினாள்.

சாயங்காலம் முக்குக் கடைக்குப் போய் வேறு சோப்பும் பிளேடும் கேட்டாள். கடைக்காரர் முகம் மலர்ந்து, சாருக்கு நன்றாகப் பழகிவிட்டதா என்று விசாரித்தார்.

"சாருக்கு இல்லீங்க. எனக்கு."

அவர் கண் அவள் மோவாய்க்குப் போயிற்று. இந்த முறை அவள் கை எழவில்லை. கடைக்காரர் ஒரு தடவை கனைத்துக்கொண்டு, அப்படியானால் இன்னும் மெல்லிசான பிளேடு இருக்கிறது என்று வேறு பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை அவர் நடக்கப் போகும் வரை அவள் காத்திருக்கவில்லை. முன்னறை ஜன்னலைத் திறந்துவைத்து, அதன் கட்டையில் கண்ணாடியைச் சாய்த்து, வெந்நீர்க் குவளையோடு உட்கார்ந்து நுரையைப் பூசினாள். குளியலறையிலிருந்து அவர் குரல் வந்தது, அந்தச் சோப்பு எங்கே என்று. பதில் வராமல் வெளியே வந்தார். தெருவைப் பார்த்தார். "ஜன்னலைச் சாத்தும்மா. யாராவது பார்த்துடப் போறாங்க" என்றார் மெல்லிய குரலில். பழக்கதோஷம், பார்வை அவள் மோவாய்க்குப் போய் நின்றது.

அவள் முகத்தை அவர் பக்கம் திருப்பி, நுரையோடு மோவாயை வெளிச்சத்தில் நிமிர்த்தினாள்.

"நல்லாப் பாருங்க. இத்தனை வருஷமும் ஒரு நொடிதானே பார்த்தீங்க. முழுக்கப் பாருங்க."

அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். ஜன்னலுக்குப் போன கை பாதியில் நின்றது. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, வழிக்காத முகத்தோடு தெருவில் இறங்கிப் போனார்.

அவள் அழுத்தாமல், நிதானமாக வழித்து முடித்தாள். ரேஸரைப் பிரித்துக் கழுவினாள். அம்மா வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வர இனிமேல் அவள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அங்கேதான் இப்போது யாரும் இல்லை.