அழுத்தம் இறங்கும்போது

என் மனைவி கலைமதியின் வேலை ஓட்டை கண்டுபிடிப்பது. ஒரகடத்தில் கார் ஏ.சி. குழாய் செய்யும் கம்பெனி ஒன்றில் லீக் டெஸ்ட் மேசை அவளுடையது. குழாயை மாட்டிக் காற்றை அடைப்பாள். அழுத்தம் காட்டும் முள் அசையாமல் நின்றால் பாஸ், இறங்கினால் சிவப்புக் கூடை. வருடக்கணக்காக அதையே பார்த்த கண்.

இதயம் பலவீனமாகி அவள் லீவில் இருந்தபோது டாக்டரம்மா கொடுத்த மாத்திரைகளில் ஒன்று ரத்தக்குழாய்களை விரிப்பதற்கு. பிள்ளைப்பாக்கம் வீட்டுக்கு பி.பி. மீட்டர் வந்த நாளிலிருந்து அவள் அதைக் கீழே வைக்கவில்லை.

“தொண்ணூத்தி ரெண்டுய்யா. எங்கியோ லீக்காவுது.”

“உனக்கு அவ்ளோ இருந்தா போதும்னு டாக்டரம்மா சொன்னாங்களே.”

“அவங்க எந்த லைன்ல நின்னாங்க? எழுந்தா தல சுத்துது. இந்த நம்பரப் பாத்தா கம்பெனி மெடிக்கல்ல உள்ள வுடுவாங்களா?”

அந்த மேசைக்குத் திரும்புவதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பில்லை. ஒரு வாரம் கழித்து மீட்டரை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நூற்று முப்பது.

“பாஸ்!”

“மாத்திர வேல செய்யுது” என்றேன்.

“அத நிறுத்திட்டேன்யா. அதான் ஏறுது.”

கெஞ்சினேன், கத்தினேன். மெடிக்கல் முடியட்டும், பிறகு விழுங்குகிறேன் என்றாள்.

நான் கம்பெனி வேன் ஓட்டுபவன். இருங்காட்டுக்கோட்டை, பென்னலூர் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் போன் அடித்தேன். இருமிக்கொண்டே “தூசு” என்பாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து தூங்கினாள். பாதம் வீங்கி, தொட்டால் சில்லென்று இருந்தது.

மெடிக்கல் அன்று என் வேனில்தான் ஏறினாள். முதல் படியிலேயே நின்றுவிட்டாள். வாய் திறந்திருந்தது, காற்று உள்ளே போகவில்லை. அவளோடு வேலை செய்யும் செங்கமலம் அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு கத்தினாள்: “கம்பெனிக்கு வுடாதண்ணா, ஆஸ்பத்திரிக்கு வுடு!”

நுரையீரலில் நீர் கோத்திருந்தது. அழுத்தம் நூற்று எண்பது. குழாயை விரிக்கும் மருந்தை ஊசி வழியாகச் சொட்டவிட்டார்கள். திரையில் எண் இறங்கத் தொடங்கியது. நூற்று அறுபது, நூற்று நாற்பது. கலைமதி ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கினாள்.

“லீக்காவுது… நிறுத்தச் சொல்லு.”

என்னாலும் உட்கார முடியவில்லை. டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

“குழாய் சுருங்கிக் கெடந்தா வீக்கான இதயம் எவ்ளோ தள்ளினாலும் ரத்தம் சரியா போகாதுங்க. வழி விட்டா கம்மி அழுத்தத்துலயே நிறைய போகும். நம்பர விடுங்க, கையத் தொட்டுப் பாருங்க.”

ஐஸாக இருந்த அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நூற்றுப் பத்து ஆனபோது என் உள்ளங்கையில் சூடு தெரிந்தது.

“கல, கை சுடுதுடி.”

அவள் அந்த விரல்களைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். மூச்சு ஒரு சீருக்கு வந்திருந்தது. திரையை வெகுநேரம் பார்த்தாள்.

“இந்த டெஸ்ட்டு எனக்குத் தெரியாதுய்யா.”

அதன்பின் ஒரு மாத்திரையும் விடவில்லை. மேசைக்கும் திரும்பவில்லை. இதயம் தன் போக்கில் தேய்ந்தது. ஆடி முடிந்து, ஐப்பசி வரை இருந்தாள்.

கடைசி நாளிலும் எண் இறங்கிக்கொண்டேதான் இருந்தது. நர்ஸ் என் தோளைத் தொட்டார். நான் நகரவில்லை. விரல்களைப் பிடித்துக்கொண்டு, சூடு ஏறட்டும் என்று நின்றிருந்தேன்.