வெள்ளைத் தேள்

காய்ந்த அகல் விளக்குகளைப் பலகையில் அடுக்கிக்கொண்டிருந்தாள் பானுமதி. நாலு மணிக்குள் அத்தனையும் பொதுச்சூளைக்குப் போகும் வண்டியில் ஏறியாக வேண்டும். முறை தவறினால் அடுத்த வாரம்தான். கார்த்திகை தீபத்துக்குப் பத்து நாள்கூட இல்லை. கனகா மூலையில் குவிந்து கிடந்த பழைய அச்சுகளைப் புரட்டி, உடையாததாகத் தேடிக்கொண்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்து இருபது நாள்தான் ஆகிறது அவளுக்கு.

"யக்கா!" என்று கனகா கையை உதறினாள்.

அச்சுக்கடியிலிருந்து ஓடியதைப் பானுமதி டீக்கிளாஸைக் கவிழ்த்துப் பிடித்தாள். எது கடித்தாலும் ஆளோடு அதையும் கொண்டுபோக வேண்டும். அவள் பிறந்த ஊரான கம்மாபுரத்தில் அப்படித்தான் பழக்கம்.

தேள். ஆனால் நிறம் தெரியவில்லை. மின்விசிறி, சோற்றுத் தூக்கு, பெண்களின் இமை மயிர் என்று அந்தக் கொட்டகையில் எல்லாவற்றின் மேலும் படிந்திருந்த வெள்ளைக் களிமண் தூள் அதன் மேலும் அப்பியிருந்தது.

மேஸ்திரி கோவிந்தராசு குனிந்து பார்த்தார்.

"அட, சுண்டுவெரல் அளவுகூட இல்ல. சாணு நீளத்துக்கு இருக்கும் பாரு கருந்தேளு, அதுக்குத்தான் பயப்படணும். இது வெள்ளத் தேளு, வெசமில்ல."

"வெள்ளையில தேளு ஏதுங்க மேஸ்திரி?" என்றாள் பானுமதி.

"நீ இன்னா பூச்சி டாக்டரா? சுண்ணாம்பு தடவு, போவும். நாலு மணிக்கு வண்டி வருது. நீங்க ரெண்டு பேரும் எழுந்து பூட்டா, வெளக்கு தானா நடந்து போவுமா?"

"வுடுக்கா, முடிச்சிட்டே போலாம்" என்றாள் கனகா. "இப்ப போனா நாளைக்கு வராதேன்னுடுவாரு."

அரைமணி நேரத்தில் அவளுக்கு வேர்க்கத் தொடங்கியது. நெற்றியிலும் கழுத்திலும் வெள்ளைப் பூச்சின் நடுவே கோடு கோடாகத் தோல் தெரிந்தது. பிறகு வாந்தி எடுத்தாள். பானுமதி கையைத் தொட்டாள். சில்லென்றிருந்தது.

கிளாஸுக்கு அடியில் அட்டையைச் செருகி எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். கொஞ்சம் தண்ணீர் விட்டதும் பால்போல் கலங்கியது. வடித்துவிட்டு மறுபடி ஊற்றினாள். தண்ணீர் தெளியத் தெளிய, உள்ளே செம்பழுப்பாக ஒன்று நெளிந்தது. இடுக்கிகள் மெலிசு, வால் தடிப்பு. கம்மாபுரத்தில் அடுத்த வீட்டுப் பிள்ளையின் உயிரைக் கொண்டுபோனது இதேதான்.

"மேஸ்திரி, செந்தேளு! வந்து பாருங்க!"

கோவிந்தராசு பார்த்தார். வாசலுக்குக் கை காட்டினார். விளக்குப் பலகைகளை ஏற்றிக்கொண்டு நாலு மணி வண்டி அங்கே நின்றது. கனகாவை முன்சீட்டில் உட்காரவைத்தார்கள்.

"நேரா ஆஸ்பத்திரிக்கு வுடச் சொல்லுங்க" என்றாள் பானுமதி.

"சூளை போற வழியிலதான இருக்குது. வெளக்க எறக்கிட்டு ஒரே மிதி" என்றார் கோவிந்தராசு.

சூளையில் ஒவ்வொரு பலகையாக இறக்கினார்கள். ஒரு விளக்கும் உடையவில்லை.

மறுபடி வண்டி கிளம்பியதும் கோவிந்தராசு மெதுவாகச் சொன்னார்: "அவ பேரு இன்னும் ரிஜிஸ்டர்ல ஏறல, பானுமதி. கம்பெனியில கொட்டிச்சுன்னு சொன்னா அவளுக்கும் வேல இல்ல, ஒனக்கும் இல்ல. வூட்லன்னு சொல்லிடு."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"செந்தேள்தான். எப்ப கொட்டிச்சு?"

"ரெண்டரைக்குங்க."

டாக்டரம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஐந்தாகப் போகிறது. கனகாவின் மூச்சில் கரகரப்புக் கேட்டது.

"எங்க வச்சு கொட்டிச்சு?"

கதவருகே கோவிந்தராசு நின்றார். பானுமதி தரையைப் பார்த்தாள்.

"வூட்லங்க."

டாக்டரம்மா அப்படியே எழுதிக்கொண்டார். ஊசி போட நர்ஸம்மா கனகாவின் கையைத் திருப்பி நரம்பு தேடினாள். தெரியவில்லை. பஞ்சை நனைத்துத் துடைத்தாள். பஞ்சு வெள்ளைச் சேறாக வந்தது. அதைப் போட்டுவிட்டு இன்னொன்று எடுத்தாள். பிறகு மூன்றாவது.

"வூட்ல இன்னாம்மா வேல பாக்கறீங்க?" என்று கேட்டாள்.

பானுமதி தன் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். நாலாவது பஞ்சும் வெள்ளைச் சேறாகத்தான் வந்தது.