சத்தம் கூடினால் தண்ணீர்

பாலம்மாவைப் பெட்டியில் கிடத்தியபோது அவள் இடது கைக்குள் டிவி ரிமோட் இருந்தது. வைத்தது அவளுடைய தம்பி திருச்செல்வம். மூடியை எடுத்து வந்த நேரத்தில் அவருடைய மனைவி ஞானேஸ்வரி பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னாள்.

"டிவிக்கு வேற ரிமோட் இல்லங்க."

"இருக்கட்டும். அதையும் எடுத்துட்டா அக்கா எதால பேசுவா?"

ஞானேஸ்வரி விலகிக்கொண்டாள். அன்று பின்னேரம் மஹய்யாவ மயானத்தில், தூறல் விழுந்துகொண்டிருக்க, ரிமோட்டும் பாலம்மாவோடு மண்ணுக்குள் போனது.

பாலம்மா கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவள். தாய் தகப்பன் போன பிறகு தம்பியை வளர்த்துப் படிக்க வைத்தாள். அவர் கண்டியில் மாநகர சபை எழுதுவினைஞராக ஆன பிறகும் அவள் தோட்டத்தை விட்டு வரவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. ஒரு நாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கூடையோடு சரிந்து விழுந்தாள். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு, எல்லாம் ஒரே நாளில் போய்விட்டன. திருச்செல்வம் அவளைக் கண்டி மஹய்யாவவில் இருந்த தன் வீட்டுக்குக் கொண்டுவந்து, முன்னறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டார். கால்மாட்டில் டிவி. நல்ல கையில் ரிமோட்.

ஒரு நாள் ஞானேஸ்வரி குசினியில் சமைத்துக்கொண்டிருந்தபோது டிவிச் சத்தம் காதைப் பிளந்தது. ஏசுவதற்காகத்தான் முன்னறைக்கு வந்தாள். பாலம்மா திரையைப் பார்க்கவில்லை. காலியாக இருந்த தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து சத்தம் கூடினால் தண்ணீர் என்று ஆனது. சேனல்கள் நிற்காமல் ஓடினால் முதுகு வலிக்கிறது, திருப்பிப் படுக்கப் போடு. சத்தம் அடியோடு நின்றால் யாரோ படியேறி வருகிறார்கள். ஜன்னலோரம் கிடந்ததால் வருகிறவர்களைப் பாலம்மாதான் முதலில் காண்பாள்.

திருச்செல்வத்துக்கு அந்தப் பாஷை கடைசிவரை வரவில்லை. அக்கா கிடக்கும் கோலத்தைப் பார்க்க முடியாமல் கதவோரம் நின்று, "என்ன சொல்றா?" என்று மனைவியிடம்தான் கேட்பார்.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு டிவி வெறும் பெட்டியாகக் கிடந்தது. பழைய செட். பக்கவாட்டுப் பட்டன்கள் எப்போதோ உடைந்துவிட்டன. ப்ளக்கைச் செருகினால் பற்றும், சத்தமோ சேனலோ மாற்ற வழியில்லை. மகள் சுபாஜினி உயர்தரம் படிக்கிறவள். டவுனில் டிவி திருத்தும் இன்ஷாப்பின் கடைக்குப் போய், எல்லா டிவிக்கும் பொருந்தும் ரிமோட் ஒன்றை வாங்கி வந்தாள். கூடவே கொடுத்த கோட் நம்பர் தாளில் அவர்களுடைய டிவியின் பெயரே இல்லை. தரையில் சம்மணமிட்டு இன்ஷாப்புக்குப் போன் போட்டாள்.

"பேர் இல்லாட்டி பரவாயில்ல தங்கச்சி. செட் பட்டனயும் பவர் பட்டனயும் ஒண்டா அமத்திப் புடிங்க. சிவப்பு லைட் பத்துதா? இப்ப டிவிப் பக்கம் நீட்டி, சத்தம் கூட்டுற பட்டன விடாம அமத்துங்க. அது ஒவ்வொரு கோட் நம்பரா தேடிப் பார்க்கும். டிவில சத்தம் கூடின உடன கைய எடுத்திடுங்க. அவ்வளவுதான்."

சுபாஜினி அமத்திப் பிடித்தாள். சிவப்பு வெளிச்சம் விட்டுவிட்டு மின்னியது. கை நோகத் தொடங்கிய நேரத்தில் திரையின் அடியில் பச்சைக் கோடு தோன்றி வலப்பக்கம் ஓடியது. சத்தம் கூடியது. கையை எடுத்தாள். கோடு நிற்கவில்லை. கடைசிவரை போய்த்தான் நின்றது.

திரும்பினால் அம்மா தம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். நடந்து வந்த வேகத்தில் தண்ணீர் தளும்பிப் புறங்கை நனைந்திருந்தது.

"யாருக்கும்மா?"

ஞானேஸ்வரி மெத்தை எடுக்கப்பட்ட வெறும் கட்டிலைப் பார்த்தாள். பிறகு தம்ளரைப் பார்த்தாள். "எனக்குத்தான்" என்று சொல்லி நின்றபடியே குடித்தாள்.

அன்று தொடங்கியது. ரிமோட் அலுமாரி மேல் கிடக்கும், யாரும் தொடமாட்டார்கள், சத்தம் கூடும். திருச்செல்வம், "சைனாச் சாமான், பட்டன் இறுகிப் போச்சு" என்றார். பெட்டரியைக் கழற்றி வைத்தார்கள். அப்போதும் கூடியது. சுபாஜினி மறுபடி இன்ஷாப்பைக் கேட்டாள்.

"பக்கத்து வீட்டு ரிமோட்டும் அதே கோட்ல இரிக்கும். ஜன்னலால வந்து அடிக்கிது. டிவிக்குக் கீழ கறுப்பா ஒரு கண் இரிக்கி, பாருங்க. அதுல கறுப்பு டேப் ஒட்டுங்க. பிறகு எந்த ரிமோட்டும் வேலை செய்யாது."

டேப் ஒட்டுவதற்கு முன்னரே அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மதியச் சாப்பாடு முடிந்து மூவரும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் பட்டென்று நின்றது. திருச்செல்வம் எரிச்சலோடு ரிமோட்டைத் தேடினார். ஞானேஸ்வரி மட்டும் எழுந்து சேலையைச் சரிசெய்தாள். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. கலஹாவிலிருந்து மோகனராஜ் வந்திருந்தார், தோட்ட லயத்து வரிசை வீடுகளில் பாலம்மாவுக்குப் பக்கத்துக் காம்பராக்காரர். செத்த வீட்டுக்கு வர முடியாமல் போனதால் இப்போது துக்கம் விசாரிக்க வந்தவர். அவர் பேசிக்கொண்டிருந்தபோது மூவரில் ஒருவரும் டிவிப் பக்கம் திரும்பவில்லை.

அவர் போனதும் சுபாஜினி டேப்பை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினாள். பெட்டரி போட்ட ரிமோட்டை நீட்டி எல்லாப் பட்டனையும் அமத்திப் பார்த்தாள். டிவி அசையவில்லை. "சரி, இனி ஒண்ணும் நடக்காது" என்றாள்.

அடுத்த நாள் அந்தி நேரம், செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது, வாசிப்பவரின் வாய் அசைந்துகொண்டேயிருக்கச் சத்தம் நின்றது.

மூவரும் கதவைப் பார்த்தார்கள். யாரும் தட்டவில்லை.

"போய்ப் பாருங்க" என்றாள் ஞானேஸ்வரி. திருச்செல்வம் அசையவில்லை. அவளே போய்த் திறந்தாள். படிகளில் மழைத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கீழே தெருவில் ஒரு ஓட்டோ போனது. வாசலில் எவரும் இல்லை. கதவைச் சாத்தப் போன ஞானேஸ்வரி, ஏனென்று தெரியாமல், ஒரு பக்கமாக ஒதுங்கி வழிவிட்டு நின்றாள். கதவு திறந்தே கிடந்தது. குளிர்காற்று அவள் காலைத் தொட்டுக்கொண்டு உள்ளே போனது.

பின்னால் செய்தி வாசிப்பவரின் சத்தம் திரும்ப வந்தது.

சுபாஜினி அன்றிலிருந்து முன்னறைக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். டிவியை விற்றுவிடலாம் என்று ஞானேஸ்வரி சொன்னாள். திருச்செல்வம் கேட்கவில்லை. "இருக்கட்டும்" என்றார், பெட்டியருகே சொன்ன அதே குரலில்.

அந்த வாரமே அவருக்குத் தலைவலியும் அசதியுமாக இருந்தது. லீவு போட்டு வீட்டில் நின்றார். ஞானேஸ்வரி டவுனில் ஒரு பாமசியில் வேலை செய்கிறாள். சனம் நெருக்கிக்கொண்டு நின்ற நேரத்தில் அவருடைய போன் வந்தது.

"ஞானம், சத்தம் கூடுது."

அவள் மருந்துப் பெட்டியைக் கவுண்டரில் வைத்துவிட்டு உள்ளே போனாள். "தண்ணி வைங்க."

"எங்க வைக்கிறது?"

"ஜன்னல் கட்டையில. எப்பவும் அங்கதான் வைப்பேன்."

குழாய் திறக்கும் சத்தமும் தம்ளர் வைக்கும் சத்தமும் போனில் கேட்டன. "குறைஞ்சிருச்சு" என்றார். குரலில் பயத்தைவிடச் சந்தோஷம்தான் இருந்தது. பிறகு, "இப்ப சேனல் ஓடுது" என்றார்.

"திருப்பிப் படுக்கப் போடச் சொல்றாங்க."

"எப்படித் திருப்புறது? இங்க யாரு இருக்கா?"

"கட்டில்ல கைய வச்சுக்கிட்டு இருங்க" என்றாள். கட்டில் கிறீச்சிடுவது போனில் கேட்டது. டிவியின் இரைச்சலும் அடங்கியது. அவள் போனை வைக்கப் போனாள்.

"ஞானம், இரு. டிவி நிக்குது. திரும்பப் பத்துது. நிக்குது, பத்துது. இதுக்கு என்ன?"

"எனக்குத் தெரியலங்க. மதினி உசுரோட இருந்தப்ப அப்படி செஞ்சதே இல்ல."

மறுமுனையில் டிவியின் இரைச்சல் அறுந்து அறுந்து கேட்டது.

"எனக்குத் தெரியும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

என்னவென்று எத்தனை முறை கேட்டும் அவர் சொல்லவில்லை. வேலைக்குப் போய் வந்தார். வந்ததும் வெறும் கட்டிலில் போய் உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் தலையை ஆட்டினார். பேச்சு குறைந்தது. முதலில் கோபமென்று நினைத்தாள். பிறகு ஒரு விஷயம் அவள் கண்ணில் பட்டது. தேநீர்க் கோப்பையை அவர் இடது கையால் எடுக்கத் தொடங்கியிருந்தார்.

சனிக்கிழமை பின்னேரம் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது டிவிச் சத்தம் கூடியது. ஞானேஸ்வரி பழக்கத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள். கட்டிலில் திருச்செல்வம் இருந்தார். புது ரிமோட் அவருடைய இடது கையில் இருந்தது. டிவியில் ஒட்டிய டேப் உரிக்கப்பட்டுத் தரையில் கிடந்தது. வலது கை மடியில் அவருக்குச் சொந்தமில்லாத பொருள் போல் கிடந்தது. அவர் திரையைப் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த தம்ளரைப் பார்த்தார்.

ஞானேஸ்வரி தம்ளரைக் கொடுக்கவில்லை.

"வாயத் தொறந்து கேளுங்க."

அவர் கட்டைவிரல் மறுபடி பட்டனை அமத்தியது.

"அதால வேணாம். வாயால கேளுங்க!"

அவர் வாய் திறந்தது. ஒரு பக்கம் கோணி, கொழகொழவென்று ஏதோ வந்தது. சொல் வரவில்லை. கண்கள் மட்டும் அவளைப் பிடித்துக்கொண்டு நின்றன. அப்போது டிவி தானாக நின்றது. பற்றியது. நின்றது. பற்றியது. ரிமோட் அவர் விரல்களிலிருந்து நழுவித் தரையில் விழுந்திருந்தது. டிவி அப்போதும் நிறுத்தவில்லை.

அவள் ப்ளக்கைப் பிடுங்கி எறிந்தாள். "சுபா! ஓட்டோ ஒண்ணு கூப்பிடு! ஓடு!"

ஆஸ்பத்திரியில் அவரை உடனே உள்ளே எடுத்தார்கள். பிரஷர் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மூளைக்குப் போகும் இரத்தம் ஒரு இடத்தில் தடைபடத் தொடங்கியிருந்ததாம். நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார் டொக்டர்.

மறுநாள் காலையில் பேச்சு திரும்பியது. முதலில் தண்ணீர் கேட்டார், வாயால். ஞானேஸ்வரி குடிக்கக் கொடுத்துவிட்டுக் கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு எனக்குத் தெரியும்னு சொன்னீங்களே. அது என்ன?"

அவர் மெதுவாக, சொற்களைப் பொறுக்கிப் பொறுக்கிச் சொன்னார்.

"நான் சின்னதுல, பள்ளிக்கூடம் விட்டு வர நேரமாயிரும். மலையில பனி இறங்கினா பாதையே தெரியாது. அக்கா லயத்து வாசல்ல நின்னு டோர்ச்ச அடிப்பா. நிப்பாட்டி நிப்பாட்டி அடிப்பா. அந்த வெளிச்சத்தப் பார்த்துத்தான் ஏறி வருவேன். வந்துட்டேன்க்கான்னு நான் கத்துற வரைக்கும் நிப்பாட்டவே மாட்டா." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அவ கூப்பிடுறா ஞானம். போகணும்னுதான் இருந்துச்சு. பயமாவே இல்ல."

ஞானேஸ்வரி அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க எங்கயும் போகல" என்றாள். தாதி வந்து பார்க்கும் நேரம் முடிந்தது என்றதும் எழுந்து வெளியே வந்தாள். சுபாஜினியைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக பஸ் ஏறினாள்.

வீட்டில் வெயில் முன்னறைத் தரைவரை விழுந்திருந்தது. ரிமோட் விழுந்த இடத்திலேயே கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை. ப்ளக்கை எடுத்துச் செருகினாள்.

டிவி பற்றியது. நின்றது. பற்றியது. நின்றது.

இத்தனை காலமும் மற்றவர்களுக்காக அந்தப் பாஷையைப் பேச்சாக்கிச் சொன்னவள் அவள். பாலம்மாவுக்கு ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. தண்ணீர் கொடுத்திருக்கிறாள், திருப்பிப் போட்டிருக்கிறாள், வாயால் ஒரு சொல் பேசியதில்லை. இப்போது கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் திரும்பி நின்றாள்.

"மதினி, அவரு வந்துட்டாரு. எப்பவோ வீட்டுக்கு வந்து சேர்ந்துட்டாரு. இந்த வீடுதான். நான் பார்த்துக்கறேன். நீங்க நிப்பாட்டுங்க."

திரை இருண்டது. வழக்கத்தைவிட நீண்ட நேரம் இருண்டே இருந்தது. அந்தக் கறுப்புக் கண்ணாடியில் ஜன்னலும் கட்டிலும் தானும் தெரிவதை அவள் பார்த்தாள். கட்டிலைச் சரியாகப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. கண்ணைத் தரைக்குத் தாழ்த்திக்கொண்டாள்.

பிறகு டிவி பற்றியது. யாரோ ஒரு பெண் கத்தரிக்காய் மோஜு சமைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். சட்டியில் எண்ணெய் பொரிந்தது. அதற்குப் பிறகு படம் நிற்கவில்லை. ஞானேஸ்வரி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அந்தப் பெண் வினாகிரி ஊற்றிக் கிளறி இறக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.