அவசரத்துக்கு அழைக்க ஓர் எண்

படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் எனக்கு வேலை. செவ்வாய்க்கிழமை காலை கண்ணாடி வழுக்கி வலது உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு நானே வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்தேன். பெரிய வீராங்கனை!

பதறிப்போன நர்ஸ், நான் இடது கையால் கிறுக்கிக் கொடுத்த படிவத்தைப் பார்த்து, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்ணுக்குப் போன் போட்டிருக்கிறார். மணி என் கைப்பைக்குள்ளேயே அடித்திருக்கிறது.

நான் கண் திறந்ததும், "ஏம்மா, மயங்கி விழுந்தா நீங்களே எழுந்து போன் எடுப்பீங்களா?" என்று கேட்டார்.

ஆறு தையல். சாயங்காலம் கணவர் வந்ததும் இதை வேடிக்கைக் கதையாகச் சொன்னேன். நர்ஸ் மாதிரி நடித்தும் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. அவர் லிப்ட் மெக்கானிக்.

"ஊர்ல யார் லிப்ட்ல மாட்டிக்கிட்டாலும் என்னைக் கூப்பிடுறாங்க. என் பொண்டாட்டி மட்டும் கூப்பிட மாட்டா. ஏழு வருஷமா நான் இந்த வீட்ல யாரு? குடித்தனக்காரனா?"

"வேலையில இருப்பீங்களேன்னுதான்..."

"போன தடவை காய்ச்சலுக்கும் இதையேதான் சொன்னே." எழுந்துகொண்டார். "நான் கொஞ்ச நாள் அக்கா வீட்ல இருக்கேன். எனக்கு முடியலை."

கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவரோ உள்ளே போய்த் துணி எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டார்.

அம்மா போன பிறகு நான் பெரியம்மா வீட்டில் வளர்ந்தவள். பெரியம்மா கெட்டவள் இல்லை, வயிறாரப் போட்டாள். ஆனால் எதைக் கேட்டாலும் பெருமூச்சு விடுவாள். பென்சில் என்றால் ஒன்று, தலைவலி என்றால் இரண்டு. கேட்காமல் இருந்தால் வைத்துக்கொள்வார்கள், கேட்டால் அனுப்பிவிடுவார்கள் என்று எட்டு வயதில் நானே முடிவு கட்டிக்கொண்டேன். யாரும் அப்படிச் சொன்னதில்லை. அந்த எட்டு வயது மண்டுவின் பேச்சைக் கேட்டுத்தான் முப்பத்தாறு வயதிலும் குடும்பம் நடத்துகிறேன். இப்போது நான் கேட்காததாலேயே ஒருவர் கிளம்புகிறார்.

பையோடு வெளியே வந்தார். "சாப்பிட்ட பிறகு மாத்திரையைப் போடு."

"எனக்குத் தலை பின்னி விடுறீங்களா?"

காலையிலிருந்து முடி முகத்தில் விழுந்து இம்சை செய்துகொண்டிருந்தது. ஒற்றைக் கையால் என்ன செய்வது? கேட்டுவிட்டேனே தவிர, காது முழுக்க அவர் மூச்சின் மேல்தான் இருந்தது.

"எனக்குப் பின்னத் தெரியாதே," என்றார். பிறகு பையைக் கீழே வைத்தார். "சரி, உட்காரு."

முடியை மூன்றாகப் பிரித்து, லிப்ட் கம்பியை இழுக்கிற மாதிரி இழுத்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதுதான் என் வழக்கம்.

"வலிக்குதுங்க."

கை நின்றது. "எங்க? தலையா, கையா?"

"ரெண்டும்தான். கை உயிர் போகுது," என்று சொல்லிவிட்டுச் சத்தம் போட்டு அழுதேன். அவர் பாதிப் பின்னலைப் பிடித்தபடியே என் பக்கத்தில் உட்கார்ந்தார்.