தெரசம்மாளின் மயில்கொன்றை

தெரசம்மாள் வைத்த முதல் கன்றை வெள்ளாடு தின்றது. இரண்டாவதைக் கரிசல் கொன்றது. கோடையில் நிலம் கை நுழையும் அகலத்துக்கு வெடித்து, வேரைப் பிய்த்துவிட்டது. ஆனாலும் ரயில்வே ஸ்டேஷனில் பூத்துக் குலுங்கும் மயில்கொன்றையைப் போல ஒன்று தன் வாசலிலும் நிற்க வேண்டும் என்று அவளுக்கு ஒரே பிடிவாதம். தீப்பெட்டி ஆபீஸில் நாளெல்லாம் குச்சி அடுக்கிவிட்டு வருகிறவளுக்குக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஒன்றாவது வேண்டாமா?

மூன்றாவது கன்றுக்குக் குழியை அகலமாகத் தோண்டி, செவல்மண் கலந்து போட்டாள். உடைமுள்ளால் சுற்றி அடைத்தாள். வெடிப்புத் தெரிந்தால் உடனே மண்ணைத் தள்ளி மூடினாள். இரண்டு வருஷத்தில் கன்று அவள் தலைக்கு மேல் போய்விட்டது.

அந்த மாசியில்தான் முதன்முதலாக இலை மொத்தமும் கொட்டியது.

"யக்கா, ஒங்க மரம் செத்துப்போச்சே!" என்றாள் பக்கத்து வீட்டு சுப்புத்தாய்.

"சாகல. இலைய உதுத்துட்டு நிக்குது. வெயிலுக்குத் துளுக்கும்."

பார்க்கிறவர்களுக்கெல்லாம் இதையே சொல்லி அவளுக்கு வாய் வலித்தது. ஒருவரும் நம்பவில்லை. மில்லில் வேலை பார்க்கும் கணவன் தேவஆசீர்வாதமும் 'உம்' கொட்டியதோடு சரி.

ஒரு சாயங்காலம் வேலை விட்டு வந்தாள். மரம் இடுப்பளவுக்குத்தான் நின்றது. மேல்பாதி சுவரோரம் கிடந்தது. பக்கத்தில் அரிவாளோடு தேவஆசீர்வாதம்.

"பட்ட மரத்தப் பாத்துப் பாத்து நீ ஏங்குதியேன்னுதான் வெட்டினேன்."

அவன் கையைப் பிடித்து இழுத்து வெட்டுவாயில் அழுத்தினாள். விரல் ஈரமாயிற்று.

"இதுவா பட்ட மரம்? ஊரு சொல்லுதது ஒங்க காதுல விழுது. நான் சொன்னா மட்டும் விழாதோ?"

நல்லது என்று நினைத்துச் செய்தவனை முழுசாகத் திட்டவும் முடியவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். சாணியைக் குழைத்து வெட்டில் அப்பிவிட்டு உள்ளே போனாள். அன்று அடுப்பு எரியவில்லை.

மறுநாளிலிருந்து ஷிப்ட் முடிந்து வந்ததும் தேவஆசீர்வாதம் குடத்தைத் தூக்கிக்கொண்டு மரத்துக்குத் தண்ணீர் பிடிக்கத் தெருக்குழாயில் போய் நின்றான். சித்திரையில் வெட்டுக்குக் கீழே மூன்று தளிர் கிளம்பியது. தெருவையே கூப்பிட்டுக் காட்டினான்.

"மூணையும் விட்டா பொதராப் போயிரும். ரெண்ட ஒடிங்க" என்றாள் தெரசம்மாள்.

அவன் தளிரைத் தொட்டான். கையை எடுத்துக்கொண்டான்.

"இப்ப மட்டும் கை வரலையோ?"

அவளே ஒடித்துப் போட்டாள். மிஞ்சியது விரல் நீளம்கூட இல்லை. பழைய உயரத்துக்கு அது வர இன்னும் எத்தனை மழை பெய்ய வேண்டுமோ! எழுந்தவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"கொடத்த அங்கன வச்சிட்டு வாங்க. சோறு ஆறுது" என்று மட்டும் சொன்னாள்.